என் மகன் அழவேண்டும் என்று ஜெபித்தேன்

என் மனைவி ரூபியை அடக்கம் செய்த அன்று எங்கள் மகன் ஜோயல் அழவில்லை. பெட்டியை மூடும்போது என் பக்கத்தில்தான் நின்றான். மண் போடச் சொன்னார்கள். குனிந்து ஒரு பிடி எடுத்துப் போட்டான். கையை நிக்கரில் துடைத்துக்கொண்டான். பிறகு அங்கே நின்ற பெரிய ஆம்பிளைகளைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு அப்போது ஏழு வயது.

வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். "பையன் எவ்ளோ தைரியமா இருக்கான் பாரு. ஆண்டவர்தான் தாங்கிக்கினு இருக்காரு." நானும் தலையை ஆட்டினேன். எனக்கு அப்போது எதுவும் புரியவில்லை.

அன்பானவர்களே, என் பெயர் சாலமோன். காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் குடியிருக்கிறேன். ஒரகடம் பக்கத்தில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறேன். சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். ஆண்டவர் என் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். நான் கேட்டு அவர் செய்யாததையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ரூபிக்குக் காய்ச்சல் வந்தது அக்டோபர் மாதக் கடைசியில். விடாத மழை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் அவளும் நினைத்தாள். பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது அவள் வேலை. பெரிய காஞ்சிபுரத்துக் கடை ஒன்றிலிருந்து புடவைகள் வரும். காய்ச்சலோடு உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு கல்யாணப் புடவைங்க. நாளைக்குக் குடுத்தே ஆவணும்" என்றாள். அன்று மாலை எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போயின.

நீங்கள் எல்லோரும் ஜெபித்தீர்கள். பாஸ்டர் ஐயா வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். சகோதரிகள் உபவாசம் இருந்தார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆட்கள் நடக்கிற வழியிலேயே முட்டி போட்டேன். என்னைச் சுற்றிக்கொண்டு ஸ்ட்ரெச்சர் போனது. ஆண்டவரே, இவளை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். வேறு வார்த்தை வரவில்லை.

ரூபி போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. காலி வீட்டின் கதவைத் தட்டிவிட்டு வந்ததுபோல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவேன், உட்காருவேன், எல்லோரும் எழுந்தால் எழுவேன். அவ்வளவுதான்.

ஜோயல் பள்ளிக்கூடம் போனான். அவனே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டான். கேட்டதற்குப் பதில் சொன்னான். ஆனால் அம்மா என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து போயே போய்விட்டது. யாராவது ரூபியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சத்தமில்லாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவான்.

ஒருநாள் புடவைக் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். தயங்கித் தயங்கிப் பேசினான். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அக்காக்கிட்ட இன்னொரு புடவையும் இருக்குது. பாதிக் குஞ்சம் கட்டி வெச்சிருந்தாங்களாம்." நான் கால் நகராமல் நின்றேன். ஜோயல்தான் உள்ளே போனான். பீரோவைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த புடவையை எடுத்துவந்து அந்தப் பையன் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது முந்தானையில் அவள் போட்ட முடிச்சுகளைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். அப்போதும் அழவில்லை. பாத்ரூமில் நின்று நான்தான் அழுதேன்.

பிறகு அவன் உயரமான இடங்களில் ஏற ஆரம்பித்தான். முதலில் கேட். பிறகு பக்கத்துக் காலி மனையின் மதில்சுவர். அந்தச் சுவரின் மேல் கையை ஊன்றித் தலைகீழாக நின்றான் என்று தெருப் பிள்ளைகள் சொன்னார்கள். அதட்டினேன். "சரிப்பா" என்றான். மறுநாளும் ஏறினான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம். ஷிஃப்ட் முடிந்து வந்து தெருமுனையில் வண்டியை நிறுத்தினேன். எதிர்வீட்டு கோமதி அக்கா போன் செய்தார். அவர் எங்கள் சபை இல்லை. காமாட்சி கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவர். ரூபி இருந்தபோது இருவரும் ஒன்றாகவே காய் வாங்கப் போவார்கள்.

"சாலமோனு, எங்க கீற? உன் பையன் தண்ணி டேங்கு மேல நின்னுக்கினு இருக்கான்பா. கத்தாம வா. கத்துனா பயந்துடப் போறான்."

எங்கள் வீட்டுக்காரர் மொட்டைமாடியில் சிமெண்டு டேங்கு கட்டியிருக்கிறார். அதன் மூடி ஓரத்தில் ஜோயல் நின்றான். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்திருந்தான். ஒரு பக்கம் மாடித் தரை. மறுபக்கம் நேராகத் தெரு. கீழே கோமதி அக்கா முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். அந்த முந்தானை அவனைத் தாங்குமா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

நான் மெதுவாக ஏறி அவன் காலைப் பிடித்து இறக்கினேன். என் உடம்பு முழுக்க நடுங்கியது. அவன் உடம்பு நடுங்கவில்லை.

"ஏன்டா இப்படிப் பண்ற?"

"மேல நின்னா வேற ஒண்ணும் ஞாபகம் வராதுப்பா. கால் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்."

ஏழு வயதுப் பிள்ளை சொன்ன வார்த்தை இது. நான் அவனைக் கட்டிக்கொண்டு அந்த மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செய்தி செங்கல்பட்டுக்குப் போனது. ரூபியின் தங்கை பியூலா அங்கே இருக்கிறாள். மறுநாளே வந்தாள். ஜோயல்மேல் அவளுக்கு உயிர். வந்ததும் அவன் துணிகளை ஒரு பையில் எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

"மாமா, நான் சண்டைக்கு வர்ல. நீங்க விடியறதுக்குள்ள வண்டியெடுத்துக்கினு போயிடுறீங்க. இவனை யாரு பாக்குறது? அக்கா போனப்ப ஒண்ணும் பண்ண முடியல. இவனையும் விட்டுட்டு நான் உக்காந்துக்கினு இருக்க முடியாது. நான் கூட்டிக்கினு போறேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஜோயல் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டான். போகிறாயா என்று கேட்டால் போகிறேன் என்பான். இருக்கிறாயா என்றால் இருக்கிறேன் என்பான். எனக்கு இதுதான் வேண்டும் என்று அவன் கேட்பதே நின்றுபோயிருந்தது. கடைசியில் நான்தான் கெஞ்சினேன். முழுப் பரீட்சை முடியட்டும், பிறகு பேசலாம் என்றேன். பியூலா துணிகளைத் திரும்ப அடுக்கினாள். அடுக்கும்போது அவள் கண்ணீர் அந்தத் துணிகளில் விழுந்தது.

மறுநாள் காலை ஆட்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டு பஸ்ஸைக் கொட்டகையில் நிறுத்தினேன். மற்ற டிரைவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை. காலி பஸ்ஸில் பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரூபி போனபிறகு முதல்முறையாக அன்றைக்கு ஜெபிக்க வாயைத் திறந்தேன்.

ஆண்டவரே, உம்மிடம் ஒன்று கேட்டேன், நீர் தரவில்லை. ஏன் என்று இன்றைக்குக் கேட்கவில்லை. என் பிள்ளை அழவில்லை. அவனுக்குள் என்னவோ உறைந்துபோய் இருக்கிறது. எனக்கு அதைத் தொடத் தெரியவில்லை. அவனை அழ வையும். அது போதும். வேறொன்றும் கேட்க மாட்டேன்.

இதைப் பாஸ்டர் ஐயாவிடம் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நாங்க எல்லாரும் அவன் தைரியத்துக்காக ஸ்தோத்திரம் பண்ணிக்கினு இருந்தோம் சாலமோன். நீ ஒருத்தன்தான் அவனைப் பாத்திருக்க. நானும் இனிமே அதையே கேக்குறேன்" என்றார்.

அந்த வாரம் பள்ளியில் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஏதோ புகார் என்று பயந்துகொண்டே போனேன். விளையாட்டு டீச்சர் வித்யா காத்திருந்தார். சின்ன வயதுப் பெண். பெரிய காஞ்சிபுரத்தில் தறி போடுகிற குடும்பம். கல்லூரியில் படிக்கும்போது ஜிம்னாஸ்டிக்ஸில் பல ஊர் போட்டிகளுக்குப் போனவராம். இப்போது சாயந்திர நேரத்தில், ஒரு பழைய கொட்டகையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்.

"சார், உங்க பையன் இன்டர்வெல்ல பெஞ்சு மேல கையை ஊனித் தலைகீழா நிக்கிறான். யாரும் சொல்லித் தரல. அப்படியே அசையாம நிக்கிறான். எங்க ஷெட்டுக்கு அனுப்புறீங்களா?"

டேங்கு விஷயத்தைச் சொன்னேன். ரூபியைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு முகம் மாறியது. ஆனாலும் நேராகவே பேசினார்.

"சார், நான் அவனுக்கு அம்மா மாதிரி எல்லாம் இருக்க முடியாது. அது எனக்குத் தெரியாது. ஆனா அவன் ஏறத்தான் போறான். சுவத்து மேல ஏறதுக்குப் பதிலா மெத்தை மேல ஏறட்டும். எப்படி விழணும்னுதான் முதல்ல சொல்லித் தருவேன்."

அன்று முதல் சாயந்திரங்களில் அவனை ஸ்கூட்டரில் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். தகரக் கூரை. நீல நிற மெத்தைகள், சில இடங்களில் பிய்ந்து பஞ்சு தெரியும். இரண்டு மரக்கம்பிகள் இணையாக நிற்கும் ஒரு சாதனம், அதைப் பேரலல் பார் என்கிறார்கள். ஓடிவந்து கையூன்றித் தாண்டுவதற்கு ஒரு மேசை. பிள்ளைகள் எல்லோரும் வெள்ளைப் பொடியைக் கையில் தடவிக்கொள்வார்கள், பிடி வழுக்காமல் இருக்க.

டீச்சருக்கு உதவி செய்ய ஆள் இல்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க சார். வாங்க. அவன் பின்பக்கமா சுத்துறப்போ முதுகுக்குக் கீழ கை குடுங்க. தூக்காதீங்க. பிடிக்காதீங்க. கை இருக்குதுன்னு அவனுக்குத் தெரிஞ்சா போதும்."

நான் மெத்தை ஓரம் முட்டி போட்டேன். ஜோயல் திரும்பி நின்றான், கையை உயர்த்தினான், பின்னால் சாய்ந்தான். அவன் முதுகெலும்பு என் உள்ளங்கையில் உருண்டு போனது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ரூபி போனதிலிருந்து அவன் என்மேல் சாய்ந்ததே இல்லை. தூங்கும்போதுகூட சுவர்ப்பக்கம் ஒட்டிக்கொள்வான். அன்று தன் முழு உடம்பையும் என் கைமேல் விட்டான். கண் இமைக்கும் நேரம்தான். நான் அதற்காகவே ஒவ்வொரு நாளும் போக ஆரம்பித்தேன்.

சாயந்திர டிரிப்பை வேறொரு டிரைவர் எடுத்துக்கொண்டார். நான் அவருடைய ஞாயிறு டிரிப்பில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். ஆராதனைக்கு நான் வராத ஞாயிறுகளைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். ஒரு மூத்த சகோதரி, "துக்கம் நடந்த வீட்டுப் புள்ள, குட்டிக்கரணம் போட அனுப்புறியேப்பா, நல்லாவா இருக்குது?" என்றும் கேட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

பரீட்சை முடிந்தது. பியூலா வந்து கொட்டகையில் ஒரு சாயந்திரம் உட்கார்ந்து பார்த்தாள். அவன் கையை ஊன்றித் தலைகீழாக நிற்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "கோடை லீவு போவட்டும் மாமா" என்றாள். நான் சரி என்றேன்.

ஜோயல் நன்றாகக் கற்றுக்கொண்டான். மற்றப் பிள்ளைகள் மாதக்கணக்கில் திணறியதை அவன் சீக்கிரம் செய்தான். சுவர் ஏறுவதும் நின்றுபோனது. அதைக் கேட்டு, கோடை லீவு முடிந்தபோதும் பியூலா இன்னும் கொஞ்சநாள் பொறுத்தாள். ஆனால் நான் கேட்டது இன்னும் நடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலி பஸ்ஸில் உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாதங்கள் போயின. அவன் முகம் மட்டும் அப்படியே இருந்தது. சரியாகச் செய்தாலும் சிரிப்பில்லை. தவறினாலும் சுளிப்பில்லை.

டீச்சரும் அதைக் கவனித்திருந்தார். ஒருநாள் அவன் முழங்கையைப் பிடித்து என்னிடம் காட்டினார். தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. "இது எப்ப ஆச்சுன்னே எனக்குத் தெரியல சார். மத்த பசங்க லேசா பட்டாலே அம்மான்னு கத்துவாங்க. இவன் ஆன்னு கூட சொல்றதில்ல. அவனுக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியலைன்னா ஒருநாள் பெருசா எதாவது ஆயிடும். எனக்குப் பயமா இருக்குது."

ஸ்கூட்டரில் திரும்பும்போது அவனிடம் கேட்டேன். "வலிச்சா சொல்லணும்டா. அழணும்னா அழலாம்." பின்னாலிருந்து, "வேணாம்ப்பா" என்று மட்டும் சொன்னான்.

ஆகஸ்டில் சென்னையில் ஒரு போட்டி. சின்னப் பிள்ளைகளுக்கான பிரிவில் டீச்சர் அவன் பெயரைக் கொடுத்தார். அவனுக்கு அதுதான் முதல் போட்டி. ஞாயிற்றுக்கிழமை. பாஸ்டர் ஐயாவிடம் தயங்கிச் சொன்னேன். "போய்ட்டு வா. நாங்க இங்க ஜெபிக்கிறோம்" என்றார்.

பியூலா நேராக அங்கே வந்துவிட்டாள். பெரிய உள்ளரங்கம். எங்கள் தகரக் கொட்டகையைப் பார்த்த கண்ணுக்கு அது வேறு உலகம். பிள்ளைகள் பளபளக்கும் உடையில் வரிசையாக நின்றார்கள். கம்பித் தடுப்புக்கு இந்தப்பக்கம் பெற்றோர்கள். பெரும்பாலும் அம்மாக்கள். ஒருவர் மகனின் தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரிவிட்டார். இன்னொருவர் தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி மகனுக்கு வாழைப்பழம் ஊட்டினார். ஜோயல் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் அவன் தலையை வாரிவிட்டேனா என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வாரிவிடவில்லை.

தரையில் செய்யும் பயிற்சியை நன்றாகச் செய்தான். மேசை தாண்டுவதும் பரவாயில்லை. பிறகு பேரலல் பார். டீச்சர் தூக்கிவிட்டு விலகி நின்றார். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் ஜோயல் முன்னும் பின்னும் ஊஞ்சல்போல ஆடினான். ஒருமுறை, இருமுறை சரியாக வந்தது. அடுத்த வீச்சில் காலை உயர்த்தும்போது இடது கை வழுக்கியது. தோள் கம்பியில் மோதியது. டீச்சர் பாய்வதற்குள் பக்கவாட்டில் மெத்தையில் விழுந்தான். கை உடம்புக்கு அடியில் மடங்கிக்கொண்டது.

விழும்போது அவன் கத்தினான்.

"அம்மா."

அடிபட்ட எந்தப் பிள்ளையும் அப்படித்தான் கத்தும். ஆனால் என் மகன் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கத்தியதும் அவனே திடுக்கிட்டுப்போனான். எழுந்து உட்கார்ந்து தடுப்புப் பக்கம் பார்த்தான். அங்கே வரிசையாக நின்ற அம்மாக்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசி முகம்வரைக்கும் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் வாய் கோணியது. அழ ஆரம்பித்தான்.

அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. அம்மா, அம்மா என்று அந்த அரங்கம் முழுக்கக் கேட்டது. மற்றச் சாதனங்களில் இருந்தவர்கள்கூட நிறுத்தித் திரும்பினார்கள். நான் தடுப்பைத் தாண்டி ஓடினேன். ஒருவர் தடுத்தார். டீச்சர் அவரிடம் ஏதோ சொன்னார், விட்டுவிட்டார்கள். அவனை அள்ளித் தூக்கிக்கொண்டேன். என் கழுத்தைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

அங்கிருந்த டாக்டர் கையைப் பார்த்தார். எலும்பு உடையவில்லை, சுளுக்குதான் என்றார். ஐஸ் வைத்துக் கட்டினார். வெளியே நடைபாதைப் படியில் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பியூலா பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் கொஞ்சம் தள்ளி நின்றார். அழுகை நிற்கவில்லை. நடுவில் திடீரென்று தலையைத் தூக்கினான். அவன் கண்ணில் பயம் இருந்தது.

"அப்பா, நான் அழுதுட்டேன்."

"அழு கண்ணா. நல்லா அழு."

"நான் அழுதா அம்மாவுக்கு அங்க கஷ்டமாயிடும்ல? பரலோகத்துல அழுதுக்கினே இருப்பாங்கல்ல?"

எனக்குப் புரியவில்லை. "யாருடா சொன்னது?"

பியூலா கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தான் மாமா சொன்னேன்." படியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அடக்கத்தன்னைக்கு. பெட்டிய மூடுறதுக்கு முன்ன அவன் அழப் போனான். நீ அழுதா அம்மா அங்க நிம்மதியா இருக்க மாட்டாங்கடா, அவங்களும் அழுவாங்கன்னு சொன்னேன். அவன் தாங்க மாட்டானேன்னுதான் சொன்னேன். இவ்ளோ நாளா இதையா வெச்சிக்கினு இருந்தான்?"

அன்பானவர்களே, அவன் தைரியம் அதுதான். தன் அம்மா அங்கே அழக்கூடாது என்பதற்காக ஒரு சின்னப் பிள்ளை தன் அழுகையை அத்தனை மாதம் பல்லைக் கடித்து அடக்கிவைத்திருந்தான். அம்மா என்று சொன்னால் அழுகை வந்துவிடும் என்று அந்த வார்த்தையையே விட்டான். முழங்கையில் ரத்தம் வந்தபோதும் அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டான். நாம் எல்லோரும் அதற்காக நன்றி செலுத்திக்கொண்டிருந்தோம்.

பியூலா அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி தெரியாம சொல்லிட்டேன்டா. அது உண்மையில்லடா செல்லம். பொய்."

"இல்ல கண்ணா," என்றேன் நான். எனக்கு எங்கிருந்து வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. "இயேசப்பாவே அழுதிருக்காரு. அவரோட சிநேகிதன் செத்தப்போ அவரு அழுதாரு. அழறவங்களை அவருக்குத் தெரியும். அம்மா அவருக்கிட்டதான் இருக்காங்க. நீ அழுறது அம்மாவைக் கஷ்டப்படுத்தாது."

"நெஜமாவாப்பா?"

"நெஜமா."

அவன் என் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கொஞ்சநேரம் கழித்து, "அம்மா வர்லன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஆனா தேடிட்டேன்" என்றான். அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன். மூன்று பேரும் அழுதோம். உள்ளே யாருக்கோ பரிசு கொடுக்கிற கைத்தட்டல் கேட்டது. டீச்சர் உள்ளே போகாமல், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போட்டியில் அவன் பிரிவில் அவனுக்குத்தான் கடைசி இடம்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் விட்டுவிட்டு அழுதான். வாலாஜாபாத் தாண்டியபோது தூங்கிப்போனான். வீட்டில் கோமதி அக்கா தோசை சுட்டு வைத்திருந்தார். எழுந்து சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே அவரிடம், "அம்மா தோசை ஓரம் மொறுமொறுன்னு இருக்கும்" என்றான். கோமதி அக்கா, "ஆமாண்டா ராசா, உங்க அம்மாக்குத்தான் அந்தக் கை வரும்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்பு. கல்லறைக்குக் கூட்டிப்போகச் சொன்னான். அதுவரைக்கும் எத்தனை முறை கூப்பிட்டும் வந்ததில்லை. அன்று அவனாகக் கேட்டான். ரூபியின் கல்லறை இன்னும் மண்மேடுதான், ஒரு மரச் சிலுவை நட்டிருக்கிறோம். மழையில் மண் கரைந்து ஒருபக்கம் சரிந்திருந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் மண்ணைச் சேர்த்துத் தட்டினான். பிறகு அவளிடம் பேசினான். விழுந்ததைச் சொன்னான், கடைசியாக வந்ததைச் சொன்னான். பெஞ்சுமேல் தலைகீழாக நின்றதையும் டேங்குமேல் ஏறியதையும்கூடச் சொன்னான். அத்தனை மாதக் கதையும் அவனுக்குள் வரிசையாக இருந்தது. நான் கேட்காத ஒரு கேள்வியையும் அவளிடம் கேட்டான். "உனக்கு ரொம்ப வலிச்சுதாம்மா?"

நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைச் சேர்த்துத் தட்டினேன்.

பியூலா மறுபடி துணி எடுத்துவைக்க வரவில்லை. "அவன் இங்கயே இருக்கட்டும் மாமா. உங்ககிட்டதான் அழுதான்" என்றாள். மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள். தான் சொன்ன வார்த்தையை நினைத்து இன்னும் உடைகிறாள். அன்பில் சொன்ன வார்த்தைதான் அது. அவளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜோயல் கை சரியானதும் கொட்டகைக்குப் போனான். இப்போது அவனுக்கு வலித்தால் கத்துகிறான். ஒருநாள் பயிற்சி நடுவில் காரணம் இல்லாமல் உட்கார்ந்து அழுதான். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். டீச்சர் யாரையும் எதுவும் சொல்லவிடவில்லை. முடிந்ததும் அவனே முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான். அவன் பெரிய வீரனாக வருவானா, இன்னும் இரண்டு வருடத்தில் விட்டுவிடுவானா, எனக்குத் தெரியாது. ஆண்டவரிடம் அதைக் கேட்கவும் இல்லை. சனிக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகளுக்கும் நான்தான் முதுகுக்குக் கீழே கை கொடுக்கிறேன்.

ரூபி ஏன் போனாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்ததுபோல உங்களிடம் பேசவும் மாட்டேன். வீட்டுக்குள் நுழையும்போது அவள் இல்லாதது இன்றைக்கும் முகத்தில் அடிக்கிறது. ஆனால் நான் கதவைத் தட்டிய வீடு காலி வீடு இல்லை என்று அறிந்துகொண்டேன். பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து நான் முனகியதை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். என் பிள்ளை எதைச் சுமக்கிறான் என்று எனக்குத் தெரியாத நாட்களிலும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவன் விழுந்த இடத்தில் மெத்தை இருந்தது. எட்டுகிற தூரத்தில் நான் இருந்தேன். அழாதே என்று அவனிடம் சொல்லியிருந்தவளும் அதே படியில் உட்கார்ந்திருந்தாள். அதை நான் ஏற்பாடு செய்யவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன்.

உங்களில் யாராவது ஒருவருக்கு ஜெபிக்க வாய் வராமல் இருக்கலாம். ஒருமுறை கேட்டுக் கிடைக்காமல் போனதால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ரொம்ப நல்ல பிள்ளையாக, ரொம்ப அமைதியாக இருக்கலாம். அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஜெபம் வேண்டாம், அழகான வார்த்தை வேண்டாம். இருக்கிறதை இருக்கிறபடி அவரிடம் சொல்லுங்கள். தாமதமானாலும் சொல்லிக்கொண்டே இருங்கள். அழுகை வந்தால் அடக்காதீர்கள். நம் ஆண்டவர் அழுகிறவர்களிடம் வருகிறவர்.